இடியப்பம் அரிசிதானே?

கேள்வி: வணக்கம். எனக்கு 27 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. நீண்ட நாளாக இரத்தச்சோகை, வயிற்றோட்டம் என்று அலைந்து, கடைசியில் போன வருடம் சீலியாக் நோய், கோதுமையே குடலுக்கு ஆகாது என்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் அம்மா எல்லாவற்றையும் மாற்றிவிட்டார், அங்கே பிரச்சினை இல்லை. வெளியில்தான் பிரச்சினை. ஒஃபிஸில் எல்லோரும் மதியம் வெளியே சாப்பிடப் போகும்போது ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடுகிறேன். போன மாதம் ஒருநாள் துணிந்து அவர்களோடு சைவக் கடைக்குப் போனேன். இடியப்பமும் சொதியும் மட்டும்தான் சாப்பிட்டேன். இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. இடியப்பம் அரிசிதானே? எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. அவருடைய அம்மா நல்லவர், ஆனால் "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது பிள்ளை" என்கிறார். டிசம்பரில் அண்ணாவின் கல்யாணமும் வருகிறது. பகல் சைவச் சாப்பாடு, இரவு ஹோட்டலில் பஃபே. நான் இனி வெளியில் சாப்பிடவே கூடாதா? கொழும்பில் எனக்கேற்ற கடை இருக்கிறதா? அண்ணாவுக்கும் இரத்தம் குறைவு என்று போன கிழமை சொன்னார்கள், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டு இடியப்பம் அரிசிதான். கடை இடியப்பம் அரிசியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாண், பணிஸ், றோல்ஸ், பற்றிஸ், கொத்து எதையும் நீங்கள் கிட்டவும் எடுக்க மாட்டீர்கள். அவை கோதுமை என்று எல்லோருக்கும் தெரியும். அரிசிச் சாப்பாடு என்று நம்பி வாங்குவதில்தான் சீலியாக் உள்ளவர்கள் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் கடைக்காரரைக் கள்ளன் என்று சொல்லவும் முடியாது. வெள்ளை இடியப்பத்துக்கு அவித்த கோதுமை மா கலப்பது எங்கள் சனத்தின் வீட்டுப் பழக்கம். மா நன்றாகச் சேரும், உரலில் பிழியச் சுகம், ஆறினாலும் உடையாது. யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பல வீடுகளில் புட்டும் அப்படித்தான், அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவும் சேர்த்துக் குழைப்பார்கள். தோசைக்கு உளுந்தை அரைத்து அதில் கோதுமை மாவைக் கரைத்து விடுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். அப்பத்துக்கும் சில இடங்களில் கொஞ்சம் சேரும். மோதகம், கொழுக்கட்டையின் மேல்மாவும் அப்படித்தான். இந்தக் கைப்பழக்கத்தோடு வந்தவர்கள்தான் வெள்ளவத்தைக் கடைகளின் சமையலறையிலும் நிற்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாவை அவித்தால் அதன் "கெடுதி" போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சமிபாட்டுக்கு இலகு என்று நோயாளிகளுக்கே அவித்த மாப் புட்டுக் கொடுப்பார்கள். உங்கள் நோய்க்கு அது பொருந்தாது. குளுட்டன் என்பது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். அவித்தாலும் பொரித்தாலும் வறுத்தாலும் அது உங்கள் குடலுக்குப் பாதுகாப்பானதாக மாறாது. கிருமி என்றால் சூட்டில் சாகும், இது கிருமியில்லை. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் உங்கள் அப்பளத்தைப் பொரித்தால், எண்ணெய் கொதித்துக்கொண்டுதானே இருந்தது என்று மனதைத் தேற்ற முடியாததும் இதனால்தான்.

சிவப்பு இடியப்பம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். சிவப்பரிசி மாவோடும் கோதுமை மா கலக்கலாம். குரக்கனும் அப்படித்தான். குரக்கன் மா உங்களுக்கு நல்லது. ஆனால் கடையில் விற்கும் குரக்கன் ரொட்டி பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்தது, தனிக் குரக்கனில் ரொட்டி தட்டினால் உடையும் என்பதால்.

அன்று உங்களுக்கு வந்தது குளுட்டனால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் சொதி கொழும்பு வெக்கையில் சில மணித்தியாலம் வெளியில் இருந்தாலே பழுதாகிவிடும், சாதாரண உணவு நஞ்சாதலும் இப்படித்தான் வரும். கூடப்போனவர்களில் யாருக்காவது வயிறு குழம்பியதா என்று கேட்டுப் பாருங்கள். சீலியாக் கண்டுபிடித்த முதல் மாதங்களில் குடல் ஆறும்வரை பாலும் பால்மாவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாப் பழியையும் கோதுமையில் போட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும். எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஃபோனில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியருக்கு அது உதவும்.

சரி, அந்த "ஒரு வாய்" விஷயத்துக்கு வருவோம்.

ஒரு துண்டுப் பாணில் சுமார் 2 கிராம் குளுட்டன், அதாவது 2000 மில்லிகிராம் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் தாங்கக்கூடியது என்று கருதப்படும் அளவு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரைதான். அந்தத் துண்டை 200 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு. 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் 3 மாதம் கொடுத்ததிலேயே நோயாளிகளின் சிறுகுடலில் பாதிப்புத் தெரிந்தது. பொதியில் "குளுட்டன் இல்லாதது" என்று போடுவதற்குச் சர்வதேச அளவுகோல் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது. இந்தக் கணக்கில் ஒரு வாய் புட்டு என்பது பெரிய அளவு.

வயிறு குழம்பாவிட்டால் பாதிப்பு இல்லை என்பதும் சரியில்லை. சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே குடலின் விரலிகள், அதாவது சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகள், தேய்ந்துகொண்டே போகும், இரும்புச்சத்தும் கல்சியமும் உறிஞ்சப்படாது. உங்கள் இரத்தச்சோகை வந்த வழியே அதுதான். நீங்கள் கல்யாணம் செய்யப் போகிறவர், பிறகு பிள்ளை பெறுவதைப் பற்றியும் யோசிப்பீர்கள். கவனிக்காத சீலியாக் அதையும் பாதிக்கக்கூடும், எலும்பையும் பாதிக்கும்.

மாமியாராக வரப்போகிறவரிடம் இந்த மில்லிகிராம் கணக்கைச் சொல்ல வேண்டாம், எடுபடாது. ஒரு கதை சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். பாண் கிடைப்பதே அரிது. சனம் டியூலிப் கிழங்கைக்கூட அவித்துத் தின்றது. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது, சீலியாக் நோயால் வாடிக்கிடந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பஞ்சம் முடிந்து பாண் திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகம் இருந்தது, இதோடு அது உறுதியானது. 1950இல் ஆய்வேடாகவே எழுதினார். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளுக்கு எதனால் இந்த வருத்தம் என்று விளங்காமலே பலரைப் பறிகொடுத்திருக்கிறார்கள். எங்கள் பெரியவர்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிபடும்.

அதோடு நிற்காதீர்கள். "மாமி, நீங்கள் சிவப்பரிசிப் புட்டு அவித்துத் தந்தால் நான் வந்து சாப்பிடுகிறேன், மாவை மட்டும் நான் கொண்டுவருகிறேன்" என்று கேளுங்கள். மாவோடு புதுசாக ஒரு புட்டுக்குழலும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழைய குழலின் ஓட்டைகளில் ஒட்டியிருக்கும் மா கழுவினாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. ஊட்டிப் பழகிய கைக்கு "வேண்டாம்" என்பது மட்டும் பதிலாக வந்தால் மனம் நோகும். உங்களுக்காகச் செய்ய ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு வாய்ப் பேச்சு தானாக நின்றுவிடும்.

இனி வெளியில் சாப்பாடு. கொழும்பில் எந்தக் கடை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயர் சொல்ல மாட்டேன். சமையல்காரர் மாறினால் கடையும் மாறிவிடும், இன்று நான் சொல்லும் பெயர் அடுத்த மாதம் உங்களைப் படுக்கையில் போடலாம். எந்தச் சாப்பாடு, எந்தத் தாச்சியில் என்று பார்க்கப் பழகுங்கள். அது எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

உங்களுக்குப் பெரிய வாய்ப்பு என்னவென்றால், இந்த ஊரில் மதியச் சாப்பாடு சோறும் கறியும். ஐரோப்பாவில் இருக்கும் சீலியாக் நோயாளிக்கு இந்த வசதி இல்லை, அங்கே குழம்பைத் தடிப்பாக்கவே மா போடுவார்கள். எங்கள் கறி தேங்காய்ப்பாலில் தடிக்கிறது. சோறு, பருப்பு, கீரை, ஒரு மரக்கறி, பால்கறி, மல்லுங், மீன் அல்லது கோழிக்கறி, தயிர் என்று எடுத்தால் மூலப்பொருள் அளவில் ஏறக்குறைய எல்லாமே உங்களுக்கு ஆகும். ஒஃபிஸ் ஆட்களோடு போவதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய இடம் சோறு கறிக் கடை. மற்றவர்கள் முடிவெடுக்கும்வரை இருக்காமல், "இன்றைக்கு அங்கே போவோமா" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். பசியோடு இருக்கும் கூட்டம் முதலில் இடம் சொல்கிறவர் பின்னால்தான் போகும்.

ஆனால் சோற்றுத் தட்டிலும் நாலு பொறி இருக்கிறது. அப்பளம், மோர் மிளகாய், பாகற்காய்ப் பொரியல் எல்லாம் பெரும்பாலும் றோல்ஸும் கட்லற்றும் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தவை. விட்டுவிடுங்கள். சாம்பார், ரசத்தில் பெருங்காயம் இருக்கும். கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பலவற்றில் கோதுமை மா சேர்ந்திருக்கிறது, பொதியின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பலர் இதைத்தான் மறந்துபோகிறார்கள். சோயாமீற் கறியை பொதி பார்க்காமல் தொட வேண்டாம், பல வகைகளில் கோதுமை மா இருக்கிறது. டெவல் செய்தது எதுவானாலும் சோயா சோஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சோயா சோஸ் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைப்பது. சைனீஸ் கடையில் பிரைட் றைஸ் கேட்டால் சோற்றில் பிழையில்லை, சோஸில்தான் பிழை. "சோஸ் போடாமல், உப்பும் மிளகும் மட்டும் போட்டு, கழுவின தாச்சியில்" என்று சொல்லிச் செய்விக்கலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் செய்து தருவார்கள்.

தோசைக் கடைக்குப் போனால் இரண்டு கேள்வி. மாவில் கோதுமை மாவோ ரவையோ சேர்க்கிறீர்களா? ரவைத் தோசையும் ரொட்டியும் இதே கல்லிலா? இரண்டாவதற்கு "ஓம்" என்று வந்தால் முதலாவதுக்கு என்ன பதில் வந்தாலும் பிரயோசனமில்லை. உளுந்து வடையிலும் சில இடங்களில் மா சேரும். காலிமுகத்திடலில் இறால் வடை பார்த்தால் ஆசை வரும்தான், ஆனால் அது பெரும்பாலும் கோதுமை மாவோடு செய்வது, எண்ணெயும் பொது எண்ணெய். வறுத்த கச்சானும், உப்பு மிளகாய்த்தூள் தூவிய அன்னாசியும் மாங்காயும் சாப்பிட்டுக்கொண்டு காற்று வாங்குங்கள்.

இரவில் கொத்துப் போடும் கடைகளை மட்டும் நான் முழுதாகவே வேண்டாம் என்பேன். அந்தத் தட்டில் மாலையிலிருந்து ரொட்டிதான் கொத்துப்படுகிறது. "எனக்கு ரொட்டி இல்லாமல் இடியப்பக் கொத்து" என்று கேட்டாலும் அதே தட்டு, அதே கத்தி, பக்கத்து மேசையில் மா குழைத்து வீசுகிறவரின் மா காற்றில். இடியப்பத்தைப் பற்றி முன்பே சொன்னேன். நண்பர்கள் போனால் கூடப்போங்கள், பிளேன் டீ குடியுங்கள், கதையுங்கள். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

லம்ப்றைஸ் ஒரு நல்ல உதாரணம். வாழையிலையில் சுற்றிய சோறு, ஆபத்தில்லை என்று தோன்றும். உள்ளே இருக்கும் "மீற் போல்" என்ற இறைச்சி உருண்டை பாண் தூளில் உருட்டிப் பொரித்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள், கூடாது. தூள் சோற்றோடு சேர்ந்தே அவிந்திருக்கிறது. இனிப்புக்கு வட்டிலப்பமும், தயிரும் கித்துள் பாணியும் தாராளமாக எடுக்கலாம், இரண்டிலும் கோதுமைக்கு வேலையில்லை. மால்ட் பானங்கள் வேண்டாம், அது பார்லியிலிருந்து வருவது. பிளேன் டீ, இளநீர், தேசிக்காய்த் தண்ணீர் எல்லாம் சரி.

கேட்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். "இதில் குளுட்டன் இருக்கிறதா" என்று கேட்டால் வெயிட்டர் "இல்லை மிஸ்" என்பார். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது, தெரியாததை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. "கோதுமை மா" என்று கேளுங்கள். "இதில் கோதுமை மா இருக்கிறதா" என்று கேட்பதைவிட "இதை என்ன மாவில் செய்கிறீர்கள்" என்று கேட்பது நல்லது. ஓம், இல்லை என்று தப்பிக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும். கொழும்புக் கடைகள் பலவற்றின் குசினியில் சிங்களம்தான் ஓடும். அங்கே கோதுமை மாவுக்கு "பாண் பிட்டி" என்றால் உடனே விளங்கும். "மேக்கே பாண் பிட்டி தியெனவாத?" (இதில் கோதுமை மா இருக்கிறதா?) என்று கேளுங்கள். "டொக்டர் எப்பா கிவ்வா" (டொக்டர் வேண்டாம் என்றார்) என்று சேர்த்தால் அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

அலர்ஜி என்று சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சீலியாக் அலர்ஜி இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும் நோய். ஆனால் கடை வாசலில் நின்று அந்தப் பாடம் நடத்த முடியுமா? கடைக்காரரிடம் அலர்ஜி என்றே சொல்லுங்கள், கவனமாகச் செய்வார். ஒஃபிஸ் ஆட்களிடம் மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள். ஒருநாள் தெரியாமல் ஏதோ சாப்பிட்டு உங்களுக்கு முகம் வீங்காமல் இருந்தால், "பார், ஒன்றும் நடக்கவில்லையே" என்று தொடங்கிவிடுவார்கள். அவர்களிடம் நோயின் பெயரையே சொல்லுங்கள். சாட்டுச் சொல்வதையும் விடுங்கள். மூன்றுமுறை சாட்டுச் சொன்னால் நான்காம்முறை கூப்பிடவே மாட்டார்கள், அது உங்களுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய இழப்பு.

நேரமும் முக்கியம். மதியம் என்றால் 12 மணிக்கு முன், இரவு என்றால் 7 மணியோடு போங்கள். குசினியில் கூட்டம் ஏறிவிட்டால் எந்த நல்ல மனிதரும் கரண்டி மாற்றிக்கொண்டு நிற்க மாட்டார். முன்கூட்டியே போனால் கறிச் சட்டிகளும் அப்போதுதான் இறங்கியிருக்கும், ஒன்றின் அகப்பை மற்றதில் விழுந்திருக்காது. பேசவேண்டியது வெயிட்டரிடமில்லை, முதலாளியிடம் அல்லது அடுப்படியில் நிற்பவரிடம். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். "கோதுமை சாப்பிடாத மிஸ்" என்று அவர்கள் உங்களை அடையாளம் வைத்துக்கொண்டால், நீங்கள் கேட்காமலே "இன்றைக்குக் கத்தரிக்காயை அந்த எண்ணெயில்தான் பொரித்தது, எடுக்காதீர்கள்" என்று சொல்வார்கள்.

அண்ணாவின் கல்யாணத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஓடர் கொடுப்பது உங்கள் வீட்டார், ஆகவே கூச்சப்படாதீர்கள். பகல் வாழையிலைச் சாப்பாட்டில் சோறு, பருப்பு, நெய், பால்கறி, கீரை, தயிர் என்று உங்கள் இலை நிறையும். சமையல் பொறுப்பெடுத்தவரிடம் பெருங்காயத்தை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டால் சாம்பாரும் ரசமும்கூட உங்கள் பக்கம். வடை, அப்பளம் வேண்டாம். பாயசத்தில் ஜவ்வரிசி என்றால் சரி, சேமியா என்றால் கோதுமை. வேண்டுமென்றால் சேமியா இல்லாமலே போடச் சொல்லுங்கள், விருந்தாளிகளில் யாருக்கும் குறை தெரியாது. ரவைக் கேசரி கூடாது. பலகாரத் தட்டு மோசமானது. முறுக்கு உளுந்தோடு அவித்த கோதுமை மாவில்தான் பல வீடுகளில் பிழிகிறார்கள், அரியதரத்தில் ரவையோ மாவோ சேரும், பயற்றம் பணியாரத்தின் உள்ளீடு நல்லது, தோய்க்கும் மா கோதுமையாக இருக்கக்கூடும். எள்ளுருண்டை உங்களுக்கு.

இரவு பஃபேதான் கஷ்டம். சமைக்கும்போது நன்றாக இருப்பது மேசைக்கு வந்ததும் கெட்டுப்போகும். நூடில்ஸில் இருந்த கரண்டியை யாராவது சோற்றில் வைப்பார்கள், சின்னப்பிள்ளைகள் பணிஸைக் கறிக்குள் தோய்ப்பார்கள். ஹோட்டலின் விருந்துப் பொறுப்பாளரோடு ஒரு கிழமை முன்னரே பேசுங்கள். நடுத்தர ஹோட்டலோ பெரிய ஹோட்டலோ, வெளிநாட்டு விருந்தினர் வந்துபோகும் இடத்தில் இது அவர்களுக்குப் புதிதில்லை. மேசைக்கு வைக்குமுன் உங்களுக்கென ஒரு தட்டு குசினியிலேயே போட்டு, மூடி, பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாயால் பேசியதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள், அன்றைக்குப் பணியில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். கல்யாண நாளில் நீங்கள் சேலையும் படமும் என்று ஓடித்திரிவீர்கள். ஆகவே அந்தத் தட்டைக் கேட்டு வாங்கித் தரும் பொறுப்பை ஒரு சித்தியிடமோ தோழியிடமோ கொடுங்கள். கைப்பையில் வாழைப்பழமும் கச்சானும் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் எப்போதாவது ஒருநாள் தவறும். தவறினால் அதை முறிக்க மருந்து கிடையாது. இணையத்தில் விற்கும் "குளுட்டன் கரைக்கும்" குளிசைகளை நம்பி வெளியே சாப்பிடாதீர்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் குடித்து ஓய்வெடுங்கள். தலைசுற்றல், காய்ச்சல், இரத்தம் போதல் இருந்தால், அல்லது இரண்டு நாளில் அடங்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். ஒருநாள் தவறிவிட்டது, இனி என்ன என்று அந்தக் கிழமை முழுவதும் கண்டபடி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் செய்யக்கூடாது. வைத்தியர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். எதிர்ப்புடல் அளவு இறங்கிக்கொண்டு போனால் உங்கள் வெளிச்சாப்பாட்டு முறை பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று எடுக்கலாம், இறங்காமல் நின்றால் எங்கேயோ ஒளிந்து வருகிறது, அப்போது அந்த ஃபோன் குறிப்பைக் கொண்டு உட்கார்ந்து தேடலாம்.

கடைசியாக அண்ணா. தொடர்பு இருக்கலாம். சீலியாக் பரம்பரையில் வரக்கூடிய நோய். பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிப்பது நல்லது. அவருக்கோ இரத்தமே குறைவு. அம்மா, அப்பாவும் செய்துகொள்ளட்டும். முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை, அதன் முடிவைப் பார்த்துத் தேவையென்றால் வைத்தியர் மற்றதைச் சொல்வார். ஒன்று மட்டும் கவனம்: உங்களைப் பார்த்துவிட்டு அவர் இப்போதே பாணை நிறுத்தக்கூடாது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பரிசோதனையில் நோய் பிடிபடும். முன்கூட்டியே நிறுத்தினால் இருந்தும் இல்லை என்று காட்டும். கல்யாண வேலை சூடு பிடிக்குமுன், இந்த மாதமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிவு வரும்வரை அவர் வழக்கம்போல் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடட்டும்.